திரை பொய் சொன்னால்

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 ஜூலை 1 அன்று கொதிகலன் வெடித்தது. ஆறு தொழிலாளர்கள் அங்கேயே இறந்தார்கள். பிறகு மருத்துவமனையிலும் உயிர்கள் போயின. அதே நிலையத்தில் அதற்கு முன் மே 7 அன்றும் ஒரு கொதிகலன் விபத்து. அடுத்த ஆண்டு மே மாதம் கடலூர் சிப்காட்டில் ஓர் இரசாயன ஆலையில் நடந்த வெடிப்பில் நான்கு பேர் மாண்டார்கள். இந்த மூன்றிலும் ஹேக்கருக்கோ வைரசுக்கோ பங்கு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. சைபர் தாக்குதலைப் பற்றி எழுத வருகிறவன் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், வெடித்ததெல்லாம் வெளிநாட்டுச் சதி என்று நிர்வாகங்கள் கை கழுவ நாமே தண்ணீர் ஊற்றினவர்கள் ஆவோம்.

இருந்தாலும் அந்த விபத்துகள் ஒன்றைக் காட்டிவிட்டுப் போயின: கொதிகலனுக்குள்ளும் ரியாக்டருக்குள்ளும் எவ்வளவு சக்தி அடைபட்டுக் கிடக்கிறது என்பதை. அதை நிமிடத்துக்கு நிமிடம் அடக்கி ஆள்வது இன்று மனிதர் கையல்ல. சுவரோரம் வரிசையாக நிற்கும் சாம்பல் நிற அலமாரிகளுக்குள் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் சிறு கணினிகள். வேலை தெரிந்தவர்கள் அவற்றை பி.எல்.சி. என்பார்கள், பெரிய ஆலைகளில் டி.சி.எஸ். என்பார்கள். வெப்பமானி சொல்வதைக் கேட்டு வால்வைத் திறப்பதும், அழுத்தம் ஏறினால் பர்னரை நிறுத்துவதும் அவற்றின் வேலை. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் திரையில் பார்ப்பது அவை அனுப்பும் எண்களைத்தான்.

கடலூர் மாவட்டத்தின் வரைபடத்தில் இந்த அலமாரிகள் எங்கெல்லாம் இருக்கும் என்று ஒரு சுற்றுப் பார்க்கலாம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கம் உப்பனாற்றை ஒட்டி சிப்காட். பூச்சிக்கொல்லி, ஹைட்ரோபுளோரிக் அமிலம், பி.வி.சி. என்று அங்கே தயாராகும் எதுவும் சாதுவான சரக்கல்ல. இன்னும் தெற்கே வந்தால் பரங்கிப்பேட்டைப் பக்கம், இறக்குமதி நிலக்கரியில் ஓடும் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம். மேற்கே நெய்வேலி. அங்கே எரியும் பழுப்பு நிலக்கரிதான் தென் மாநிலங்கள் பலவற்றுக்கு மின்சாரம். காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம். அந்தத் தண்ணீர் வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிச் சென்னைக்குப் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். ஒரே மாவட்டத்தில் மின்சாரம், நச்சு இரசாயனம், தலைநகரின் குடிநீர். போர் என்ற சொல் பீரங்கியை விட்டு இறங்கிவந்த காலத்தில், இப்படிப்பட்ட மாவட்டம் இலக்கு என்ற சொல்லுக்குள் தானாகவே வந்துவிடுகிறது.

இந்தக் கருவிகள் ஏன் இவ்வளவு எளிதில் ஏமாறுகின்றன என்பதை நெருங்கிப் பார்ப்போம். தொழிற்சாலைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழிகளில் மிகப் பழையதும் இன்னும் உலகெங்கும் புழங்குவதும் மோட்பஸ். 1979இல் மோடிகான் நிறுவனம் உருவாக்கியது. அதில் ஒரு கட்டளையின் நீளம் வெறும் எட்டு பைட். முதல் பைட், எந்தக் கருவிக்கு என்று சொல்லும். இரண்டாவது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். அங்கே 06 என்று இருந்தால் ‘எழுது’ என்று பொருள். அடுத்த இரண்டு பைட், எந்த ரெஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது. அதற்கடுத்த இரண்டு, எழுத வேண்டிய எண். அது வால்வு எத்தனை சதவீதம் திறக்க வேண்டும் என்பதாக இருக்கலாம், மோட்டாரின் வேகமாக இருக்கலாம். கடைசி இரண்டு பைட், வழியில் மின்சார இரைச்சலால் செய்தி சிதைந்ததா என்று சரிபார்க்க. அவ்வளவுதான். அனுப்பியது யார், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதற்கு அந்த எட்டு பைட்டில் இடமே கிடையாது. மாடியிலிருந்து ‘மோட்டாரைப் போடு’ என்று ஒரு குரல் கேட்டால், கீழே இருப்பவர் குரல் யாருடையது என்று ஆராயாமல் சுவிட்சைத் தட்டுவார் அல்லவா, அதே கதை.

இதை மடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. 1979இல் அந்தக் கம்பி ஒரே கட்டடத்துக்குள் ஓடியது. அதன் இரு முனையிலும் நம் ஆட்களே இருந்தார்கள். பிறகு அதே மொழியை இணைய நெறிமுறையின் முதுகில் ஏற்றினார்கள். மொழி மாறவில்லை, கேட்கக்கூடியவர்களின் எண்ணிக்கை மட்டும் மாறிவிட்டது. 2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில், கடுங்குளிரில், அறுநூறுக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களுக்குச் சூடு வழங்கும் அமைப்பு நின்றுபோனது. கருவிகளுக்கு மோட்பஸ் கட்டளைகளை அனுப்பி அவை தவறான அளவுகளைக் காட்டும்படி செய்திருந்தார்கள். சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு நாள் ஆயிற்று.

இந்தத் துறையில் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் ஸ்டக்ஸ்நெட், ஒரு கணினி வைரஸ். 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் ஒரு சிறு வைரஸ் தடுப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தைக் குறிவைத்து அமெரிக்காவும் இஸ்ரேலும் உருவாக்கியது என்று பரவலாக நம்பப்படுகிறது. இரு நாடுகளும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதில்லை. அங்கே சீமென்ஸ் பி.எல்.சி.கள் மையவிலக்குக் குழல்களின் மோட்டார்களை 1,064 ஹெர்ட்ஸ் அளவில் சுழற்றிக்கொண்டிருந்தன. ஸ்டக்ஸ்நெட் உள்ளே புகுந்து, வாரக்கணக்கில் சும்மா இருந்து, பிறகு பதினைந்து நிமிடம் 1,410க்கு ஏற்றும். மறுபடி வாரக்கணக்கில் மௌனம். பிறகு 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கும். குழல்கள் நடுங்கித் தேய்ந்து உடையும். சுமார் ஆயிரம் குழல்கள் அப்படி வீணாகியிருக்கலாம் என்பது கணிப்பு.

வேகத்தை மாற்றியது பெரிய சாமர்த்தியமில்லை. கன்ட்ரோல் ரூமுக்கு அது எதைக் காட்டியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதன் ஒரு பகுதி, எல்லாம் ஒழுங்காக ஓடும்போது கருவிகள் அனுப்பிய அளவுகளை 21 விநாடிக்குப் பதிவுசெய்து வைத்துக்கொண்டது. சேதம் செய்யும் நேரத்தில் அந்தப் பதிவையே திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டியது. பொறியாளர்கள் திரையைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த அறையில் குழல்கள் உடைந்துகொண்டிருந்தன.

நதான்ஸ் இணையத்தோடு இணைக்கப்பட்ட நிலையமல்ல. ஸ்டக்ஸ்நெட் பென் டிரைவிலும், ஒப்பந்தக்காரர்களின் கணினிகளிலும் தொற்றி உள்ளே போகும்படி எழுதப்பட்டிருந்தது. அப்படிப் பரவியதில் வேண்டாத இடங்களுக்கும் போயிற்று. சைமென்டெக் நிறுவனத்தின் கணக்குப்படி ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து அதிகம் தொற்றியது இந்தியாவில்தான். அந்த ஆண்டு ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சக்தி அமைப்பு பழுதாகி, பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்த வேண்டி வந்தது. சன் டைரக்ட் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். டிஷ்ஷை வேறு செயற்கைக்கோளுக்குத் திருப்பி வைக்க ஆள் தேடி அலைந்தார்கள். இதற்கும் ஸ்டக்ஸ்நெட்தான் காரணம் என்று ஓர் அமெரிக்க ஆய்வாளர் ஊகம் கிளப்பினார். இஸ்ரோ மறுத்தது. அந்த மறுப்பை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. வைரஸ் நாட்டுக்குள் இருந்தது என்பதும், ஒரு குறிப்பிட்ட பழுதுக்கு அது காரணம் என்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் இந்தத் துறையைப் பற்றி எழுதுவது வதந்தி எழுதுவதாகிவிடும்.

இப்போது நம் வீட்டுக்கே வருவோம். 2019 செப்டம்பர் 4 அன்று, இந்தியாவின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், அணுமின் கழகத்துக்கு ஒரு தகவல் அனுப்பியது: உங்கள் கணினியில் தீநிரல் இருக்கிறது. கணினி இருந்த இடம் கூடங்குளம். இது மக்களுக்குத் தெரியவந்தது எட்டு வாரம் கழித்து, அக்டோபர் 28 அன்று, ட்விட்டர் வழியாக. டீட்ராக் என்ற அந்த நிரலின் ஒரு மாதிரி பொதுவெளிக்கு வந்தபோது, கூடங்குளம் நிலையத்தின் வலையமைப்புக்கான நிர்வாகிக் கணக்கின் விவரம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். வழியோடு போகிற வைரஸ் ஒன்று கால் தவறி விழுந்த கதையில்லை இது. யாரோ முன்பே உள்ளே வந்து, பெயரும் கடவுச்சொல்லும் எடுத்துக்கொண்டு போய், அதற்கேற்ப நிரலைத் தைத்திருக்கிறார்கள் என்றே அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அக்டோபர் 29 அன்று கூடங்குளம் நிலையம் அறிக்கை விட்டது: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பில்லாதவை, ஆகவே அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை, பரவும் செய்தி பொய். மறுநாள், அக்டோபர் 30, அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை விட்டது: தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பரிலேயே தகவல் வந்தது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைகளுக்கான, இணையத் தொடர்புள்ள வலையமைப்பில் இருந்த ஒரு கணினி, உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியானது, அது பாதிக்கப்படவில்லை.

இரண்டாவது அறிக்கை சொன்ன தொழில்நுட்ப விஷயத்தை நான் ஏற்கிறேன். நிர்வாகக் கணினி வேறு, உலையை ஓட்டும் கணினி வேறு. டீட்ராக்கும் எதையும் உடைக்க எழுதப்பட்ட நிரல் அல்ல. விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவுசெய்வது, கோப்புகளின் பட்டியலையும் உலாவியின் வரலாற்றையும் திரட்டி அனுப்புவது என்று உளவு பார்க்கும் ஜாதி. வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவரிசை என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் சில வாரங்களுக்கு முன்புதான் அதைப் பற்றி எழுதியிருந்தது. அக்டோபர் 19 அன்று இரண்டாவது உலை ட்ரிப் ஆகி நின்றதையும் இதையும் முடிச்சுப்போட்டுப் பேசினார்கள். நீராவி உற்பத்திக் கலனில் நீர்மட்டம் குறைந்ததே அன்றைய காரணமாகச் சொல்லப்பட்டது. தீநிரலுக்கும் அதற்கும் தொடர்பு காட்டும் சான்று எதுவும் வரவில்லை.

என் சண்டை முதல் அறிக்கையோடு. ‘இணையத்தோடு தொடர்பில்லை, ஆகவே சாத்தியமில்லை’ என்ற அந்த வாக்கியம் 2010 ஜூனிலேயே செத்துப்போன வாக்கியம். நிர்வாக வலையமைப்பில் என்ன இருக்கும்? யார் எந்த ஷிஃப்டில் வருகிறார், எந்த உதிரிபாகம் எந்தக் கம்பெனியிடம் வாங்கப்படுகிறது, ஓவர்ஹால் எப்போது, அதற்கு மடிக்கணினியோடு உள்ளே வரப்போகும் ஒப்பந்தப் பொறியாளர் யார். நதான்ஸுக்குள் நுழைந்தவர்களுக்குத் தேவைப்பட்டதும் இந்த மாதிரித் தகவல்தான். கம்பி இல்லாத இடைவெளியை மனிதர்கள் தினமும் நடந்து கடக்கிறார்கள், சட்டைப்பையில் பென் டிரைவோடு.

மின்சாரக் கட்டமைப்புக்கும் இதே விசாரிப்புகள் வந்திருக்கின்றன. 2021 பிப்ரவரியில் ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற அமெரிக்க நிறுவனம், சீனத் தொடர்புள்ள ஒரு குழு இந்திய மின்சுமைப் பகிர்வு மையங்களைக் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. அதன் பட்டியலில் துறைமுகங்களும் இருந்தன, அவற்றில் ஒன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். 2020 அக்டோபரில் மும்பை இருண்டதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. மனிதத் தவறுதான் என்றார் மத்திய மின்துறை அமைச்சர். நமக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2012 ஜூலை கடைசியில் வட இந்தியா முழுக்க மின்சாரம் போனபோது தென் மாநிலங்கள் தப்பித்தன, காரணம் அன்று தென்மண்டலக் கட்டமைப்பு மற்றவற்றோடு ஒத்த அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியாக இணைந்துவிட்டது. பற்றாக்குறை நாட்களில் அதனால் நமக்கு லாபம்தான். ஆனால் எங்கோ ஓர் இடத்தில் நடக்கும் குழப்பம் இனி நெய்வேலி டர்பைனையும் எட்டும்.

டர்பைனை எட்டினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் இடாஹோ ஆய்வகத்தில் 2007 மார்ச்சில் செய்து பார்த்தார்கள். 27 டன் எடையுள்ள டீசல் ஜெனரேட்டர் ஒன்றின் பிரேக்கரை, கட்டமைப்பின் லயத்தோடு ஒத்துப்போகாத கணத்தில் திறந்து மூடும்படி கணினிக் கட்டளை மட்டும் அனுப்பினார்கள். இயந்திரம் குலுங்கியது, துண்டுகள் தெறித்தன, கரும்புகை கக்கி நின்றது. சில நிமிடங்களில் பழைய இரும்பாகிவிட்டது. அது 2.25 மெகாவாட் இயந்திரம். நெய்வேலி இரண்டாம் நிலையத்தில் ஓர் அலகு 210 மெகாவாட்.

2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைனில் மின் விநியோக மையமொன்றில் இருந்தவர்கள், மவுஸ் தானாகத் திரையில் நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். மாதக்கணக்கில் முன்பே ஒரு மின்னஞ்சல் இணைப்பு வழியாக உள்ளே வந்தவர்கள் செய்த வேலை. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. புகார் எண்ணுக்குப் பொய் அழைப்புகளைக் கொட்டி அதையும் முடக்கினார்கள். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது. எப்படி? லைன்மேன்கள் வண்டியெடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போய்க் கையாலேயே பிரேக்கரைப் போட்டார்கள். பழைய சோவியத் காலத்துக் கருவிகள். கைப்பிடி இருந்தது, அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் இருந்தார். எல்லாவற்றையும் தானியங்கியாக்கி, ஆட்களையும் குறைத்துவிட்ட ஒரு நாட்டில் இது எத்தனை நாளாகியிருக்கும் என்று அப்போதே நிபுணர்கள் கேட்டார்கள். ஆள்குறைப்புச் சுற்றறிக்கையில் கையெழுத்திடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சிப்காட்டை நினைத்தால் எனக்கு இவை எல்லாவற்றையும்விடத் தூக்கத்தைக் கெடுப்பது டிரைடன் என்ற தீநிரல். இரசாயன ஆலைகளில் ஓட்டும் கணினி ஒன்று, காக்கும் கணினி ஒன்று. அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறினால் இரண்டாவது கணினி யாரையும் கேட்காமல் ஆலையை நிறுத்தும். அதற்குள் மூன்று செயலிகள் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். 2017இல் சவூதி அரேபியாவின் செங்கடல் கரையில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் இந்தக் காக்கும் கணினிக்குள்ளேயே புகுந்தார்கள். ஜூன் மாதம் ஆலை ஒருமுறை ட்ரிப் ஆனது. ஏதோ கருவிக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் மறுபடியும் ட்ரிப். அப்போதுதான் தோண்டிப் பார்த்து, அந்தக் கருவியின் நிகழ்ச்சிப் பதிவுகளைப் படிக்கும் மென்பொருள்போலப் பெயர் வைத்துக்கொண்டு தீநிரல் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். தாக்கியவர்களின் நிரலில் ஒரு பிழை. மூன்று செயலிகளுக்குள் கணக்கு ஒத்துப்போகவில்லை. அதனால் கணினி பாதுகாப்பாக ஆலையை நிறுத்திவிட்டது. அந்தப் பிழை இல்லாவிட்டால், விஷவாயு கசியும்போது ஆலையை நிறுத்த வேண்டிய கருவி வாய்மூடி இருந்திருக்கும். 2020இல் அமெரிக்க அரசு மாஸ்கோவிலுள்ள ஓர் அரசு ஆய்வு நிறுவனத்தை இதற்காகத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

அவர்கள் எப்படி உள்ளே எழுத முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் கருவியின் முகப்பில் ஒரு சாவித்துளை உண்டு. சாவியை ‘ரன்’ பக்கம் திருப்பி எடுத்துவிட்டால் வெளியிலிருந்து நிரலை மாற்ற முடியாது. ‘புரோகிராம்’ பக்கம் இருந்தால் முடியும். பராமரிப்பு முடிந்தபின்னும் சாவி ‘புரோகிராம்’ பக்கமே இருந்தது. உலகின் ஆபத்தான தீநிரல்களில் ஒன்றுக்குக் கதவு திறந்துவிட்டது திருப்பப்படாத ஒரு சாவி. பாதுகாப்புத் தடையான இன்டர்லாக்கை பைபாஸில் போட்டு வேலையை முடித்து, பைபாஸை எடுக்க மறந்த அனுபவம் எந்த ஆலையில் இல்லை? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கருவியியல் படித்துவிட்டு ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கும் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

விதிகள் இல்லாமலில்லை. மின்துறைக்கு மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் கொண்டுவந்தது. எந்த நிறுவனமானாலும், ஸ்காடா போன்ற கட்டுப்பாட்டு அமைப்புகளில் தாக்குதல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. தகவல் டெல்லிக்குப் போகும். குடிகாட்டுக்கு யார் சொல்வது? கூடங்குளத்தில் எட்டு வாரம் கழித்து ட்விட்டர் சொன்னது. கடலூர்க்காரர்கள் இந்த மௌனத்துக்குப் புதியவர்களல்ல. 2004இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்மக்களே பிளாஸ்டிக் வாளிகளில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தாங்கள் சுவாசிப்பது என்ன என்று தெரிந்துகொண்டார்கள். தீநிரலை வாளியில் பிடிக்க முடியாது.

ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்தலாம். 1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகளின்படி ஒவ்வொரு பெரிய அபாய ஆலையும் தன் வளாகத்துக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும். ஆலைக்கு வெளியே ஊருக்கான ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறை. சைரன் ஒலிக்கும், தீயணைப்பு வண்டி வரும், முகமூடி அணிந்தவர்கள் ஸ்ட்ரெச்சர் தூக்குவார்கள், மறுநாள் நாளிதழில் படம் வரும். இந்த ஒத்திகைகள் எல்லாம் கன்ட்ரோல் ரூமில் எச்சரிக்கை மணி சரியாக அடித்தது என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அடுத்த ஒத்திகையில் கடலூர் மாவட்ட நிர்வாகமும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமும் கதையை மாற்றி எழுதட்டும்: மணி அடிக்கவில்லை, திரையில் எல்லாம் பச்சை, ஆனால் ஃபீல்டில் நிற்கும் தொழிலாளி பார்க்கும் பிரஷர் கேஜின் முள் சிவப்பில் இருக்கிறது. அவர் யாருக்குச் சொல்வார், திரையை நம்பாமல் அவர் பேச்சை நம்பி ஆலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, கையால் மூடும் வால்வு எங்கே, அது துருப்பிடிக்காமல் திரும்புகிறதா, பாதுகாப்புக் கணினியின் சாவி யார் பையில் இருக்கிறது. இதற்கு வெளிநாட்டு மென்பொருளோ கோடிக்கணக்கில் பணமோ வேண்டாம். ஒரு முற்பகல் போதும். அந்த ஒத்திகையைப் பார்க்கக் குடிகாடு, பச்சையாங்குப்பம் மக்களையும் கூப்பிட வேண்டும்.